கயிறு ஏன் லேசானது

நடுக்கம்பம் எழுந்து நின்றதும் எல்லாரும் கைதட்டினார்கள். எத்தனை ஊரில் எத்தனை முறை கூடாரம் போட்டாலும், அந்தக் கம்பம் ஆட்டம் அடங்கி நிற்கிற நொடியில் கைதட்டாமல் இருக்க அவர்களால் முடிவதில்லை. அதிலும் இது புது ஊர், பெரிய ஊர். மைதானத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒரு சுவர் விடாமல் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. முதல் ஆட்டத்துக்கு ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை என்று சர்க்கஸ் முதலாளி காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். சொல்லும்போது சந்தோஷத்தில் அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போலக் கீச்சிட்டது.

எல்லாச் சுவரொட்டியிலும் ஒரே படம்தான். கைகளை விரித்து, கால்களைச் சேர்த்து, தலைமுடியால் மட்டும் உயரத்தில் தொங்கிச் சுழலும் ஒரு பெண். சர்க்கஸில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அண்ணன் கயிறு இழுப்பான், தங்கை சுழல்வாள், அண்ணனின் மனைவி அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். அந்த மூன்று பேருக்கும் அதுதான் தொழில், அதுதான் குடும்பம். பம்பரம் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் முதலாளி முதல் குதிரைக்காரர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அந்தப் பின்னல் லேசுப்பட்ட வேலையல்ல. முடியை நனைத்து, கற்றை கற்றையாகப் பிரித்து, ஒவ்வொரு கற்றையோடும் மெல்லிய கயிற்றைச் சேர்த்துப் பின்ன வேண்டும். பிறகு எல்லாப் பின்னலையும் உச்சந்தலையில் ஓர் எஃகு வளையத்தில் கோத்து இறுக்கிக் கட்ட வேண்டும். அந்த வளையத்தில்தான் மேலிருந்து வரும் கொக்கி மாட்டும். ஒரு கற்றைக்கு மட்டும் பாரம் அதிகமாகிவிட்டால் போச்சு. அதனால் பின்னத் தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை அண்ணியின் உதடுகள் ஓசையில்லாமல் ஜெபித்துக்கொண்டே இருக்கும். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை.

அன்று வண்டிக்குள் பின்ன உட்கார்ந்தபோது சீப்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு இழுப்புக்கு ஒரு கொத்து வந்தது. அண்ணி அதைச் சட்டென்று சுருட்டி, பக்கத்திலிருந்த காலிப் பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். டப்பா ஏற்கெனவே நிறைந்திருந்தது.

"அண்ணி, விழுந்துச்சா?" என்றாள் பம்பரம், கண்ணாடியைப் பார்க்காமல்.

"எல்லாருக்கும் விழுறதுதான். தலையை ஆட்டாதே."

"எவ்வளவு?"

"எண்ணிக்கிட்டு உக்கார எனக்கு வேற வேலை இல்லையா? நேரா உக்காரு."

ஒரு காலத்தில் அந்த முடியை முழுக் கைக்குள் பிடிக்க அண்ணிக்குச் சிரமமாக இருந்தது. இப்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைந்தால் போதும். நெற்றிக்கு மேலே, காதோரங்களில், தோல் பளபளவென்று தெரிய ஆரம்பித்திருந்தது. கணவனிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் கயிறு பிடிக்கிற கை நடுங்கும் என்று பயந்தாள். வலை கட்டினால் சுழல்வது கீழேயிருந்து சரியாகத் தெரியாது என்று அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் கீழே வலை கிடையாது.

காரணம் என்னவென்று கேட்டால் கூடாரத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊஞ்சலாடும் அக்காமார் மூவர் இருந்தார்கள். ஊருக்கு ஊர் மாறும் தண்ணீர்தான் காரணம் என்றாள் பெரியவள். வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னாள் நடுவுள்ளவள். முட்டைதான் மருந்து என்று அடித்துச் சொன்னாள் கடைக்குட்டி. பம்பரம் மூன்றையும் செய்தாள். கொதிக்கக் கொதிக்க எண்ணெயும் வைத்துக்கொண்டாள். தலை முழுக்க எரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

"மருமகளே, உன் தலைக்குக் கீழ ஒரு அடுப்பைப் பத்த வச்சா போதும். எல்லாருக்கும் காலைச் சாப்பாடு தயார்" என்று கோமாளி மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

கோமாளியை எல்லாரும் மொட்டை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். தலையில் பேருக்கு ஒரு முடி இல்லை. ஆட்டத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பறட்டை விக் வைத்துக்கொள்வார். நாய்களைப் பழக்குவதும் அவர்தான்.

மறுநாள் முதல் ஆட்டம் என்றால் முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. தாளக்காரர்கள் முரசைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். புதுசாக வாங்கிய நீல விளக்கைப் போட்டதும் குதிரைகள் மிரண்டு, பிறகு தங்கள் நிழலையே ரசித்தன. யாருக்கும் நடக்கத் தோன்றவில்லை. கூடாரத்துக்குள் எல்லாரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

மொட்டை மாமாவின் வெள்ளை நாய்க்குப் பஞ்சு என்று பெயர். மூன்று வளையங்களையும் ஒரே பாய்ச்சலில் தாண்டுவது அதன் வித்தை. முரசு முழங்கியது. பஞ்சு ஓடிவந்து பாய்ந்தது. முதல் வளையத்தைத் தாண்டியது. இரண்டாவது வளையத்தில் பாதி உடம்பு போய், வயிறு மாட்டிக்கொண்டது. வளையத்தோடு கீழே விழுந்து, வளையத்தோடு எழுந்து, அதை இடுப்பில் மாட்டியபடியே மூன்றாவது வளையத்தை நோக்கி ஓடியது. கூடாரமே விழுந்து விழுந்து சிரித்தது.

"என்ன மாமா, நாயை நல்லா கவனிக்கிறீங்க போலிருக்கு" என்றான் கயிற்றடியில் நின்ற அண்ணன்.

"சத்தியமா சொல்றேன், அளந்துதான் போடுறேன்" என்று மொட்டை மாமா வளையத்தை உருவ முடியாமல் தவித்தார். "எங்கிருந்து தின்னுதுன்னு தெரியல. போன ஊர்லயிருந்தே ஊதிக்கிட்டு வருது."

"எனக்கு நேர்மாறு. எனக்குப் பலம் ஏறிக்கிட்டு வருது. இப்பெல்லாம் பம்பரத்தை ஒரு கையால தூக்கிடுறேன், தெரியுமா? கயிறு பூ மாதிரி வருது. கப்பிக்கு எண்ணெய் போட்டதும் நல்லதாப் போச்சு."

அண்ணி அப்போது கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

நாய் குண்டாகிறது. கயிறு லேசாகிறது. முடி கொட்டுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் பம்பரம் தட்டை எடுத்துக்கொண்டு காற்றாட உட்காருகிறேன் என்று வண்டிக்குப் பின்பக்கப் படிக்குப் போவதும், அவள் காலடியில் ஒரு வெள்ளை வால் ஆடிக்கொண்டிருப்பதும் அண்ணியின் கண்முன் வந்தன. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் கவனிக்கவில்லை.

கொக்கியைக் கணவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பம்பரம் உடை மாற்றும் திரைக்குப் பின்னால் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். மணிக்கட்டில் இருந்த வளையல் சரசரவென்று முழங்கை வரை இறங்கி ஓடியது.

"உன் தட்டுல போடுறதை யாரு திங்கறா?"

பம்பரம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். பஞ்சுவைக் கூப்பிட்டுக் கேக்கவா?"

பம்பரம் தலையைக் குனிந்தாள். "முடி கம்மியாயிடுச்சு அண்ணி. நீங்க டப்பாவுல ஒளிச்சு வக்கிறது எனக்குத் தெரியாதா? இருக்கிற முடி எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு கனம்தானே நான் இருக்கணும். அதான் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைச்சேன்."

"சரி."

"இன்னும் கொட்டுச்சு. இன்னும் குறைச்சேன்."

அண்ணிக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அள்ளி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதையே செய்தாள். நான் டப்பாவில் மறைத்தேன், இவள் தட்டில் மறைத்தாள் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒருவருக்காக ஒருவர் பயந்து, ஒருவரிடம் ஒருவர் வாய் திறக்காமலே இருந்திருக்கிறார்கள். கடவுள் ஒரு நாயைக் குண்டாக்கித்தான் அவர்களைப் பேசவைக்க வேண்டியிருந்தது.

"எழுந்திரு. டாக்டரைப் பார்க்கப் போறோம்."

"நாளைக்கு ஆட்டம்."

"அதனாலதான் இன்னைக்கே போறோம்."

மைதானத்துக்கு எதிர்த் தெருவிலேயே ஒரு தோல் மருத்துவர் இருந்தார். நடுவயதுப் பெண். அண்ணனும் கூட வந்தான். கூப்பிடாமலே மொட்டை மாமாவும் வந்தார். பம்பரத்தைக் கண்டதும் டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"சுவரொட்டியில இருக்கிறது நீதானே? எங்க வீட்டுப் பிள்ளைங்க ஒரு வாரமா தூங்கல. நாளைக்கு முன் வரிசையில உக்காரப் போறோம்" என்றார். பிறகு அண்ணி நீட்டிய பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்தார். முகம் மாறியது. ஆனால் பயமுறுத்தவில்லை. பம்பரத்தின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், தலையை விளக்கடியில் வைத்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார்.

"நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

பம்பரம் இல்லை என்று தலையாட்டினாள். "மழைக்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சே, நெருப்பா கொதிச்சே" என்றாள் அண்ணி. "ஆனா அது எப்பவோ. முடி கொட்ட ஆரம்பிச்சது அதுக்கப்புறம் ரொம்ப நாள் கழிச்சு."

"அப்படித்தாம்மா கொட்டும். உடனே கொட்டினா எல்லாருக்கும் காரணம் புரிஞ்சிடுமே." டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். தலையில் உள்ள முடியில் பெரும்பகுதி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். கொஞ்சம் ஓய்வில் இருந்து, தானாக உதிர்ந்து, அந்த இடத்தில் புதுசு வரும். அதனால் தினமும் கொஞ்சம் விழுவது வழக்கம்தான். ஆனால் பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், தாங்க முடியாத துக்கம், பட்டினி, இப்படி ஏதாவது வந்தால், வளர வேண்டிய முடியும் மொத்தமாக ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும்.

"காய்ச்சலால கொட்டினது தானாவே திரும்பி வந்திருக்கும். நீ என்ன பண்ணினே, அது வர்ற நேரம் பார்த்துச் சாப்பாட்டை நிறுத்திட்டே. உடம்புக்குப் பத்தலைன்னா அது முதல்ல கையை விரிக்கிறது முடிக்கிட்டதான். இதயத்துக்குக் குடுக்கணும், மூளைக்குக் குடுக்கணும், முடி கிடக்கட்டும்னு விட்டுடும். முடி கொட்டுதுன்னு நீ பட்டினி கிடந்தே. நீ பட்டினி கிடந்ததால முடி கொட்டுச்சு. அது ஒரு சுழல்." சிரித்தார். "பம்பரம்னு பேரு வச்சது சரிதான்."

பம்பரம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு கதவைத் திறந்துவிட்டது போல அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப சாப்பிட்டா வந்துடுமா?"

"வரும். ரத்தப் பரிசோதனை பண்ணிப் பார்ப்போம், இரும்புச் சத்து குறைஞ்சிருக்குன்னு நினைக்கிறேன், மாத்திரை தரேன். பருப்பு, முட்டை, கீரை, பால், எல்லாம் வயித்துக்குள்ள போகணும், தலை மேல இல்ல. வெங்காயச் சாறு, சூடான எண்ணெய் எல்லாத்தையும் இன்னையோட நிறுத்து. சில மாசம் பொறுமையா இருக்கணும்." அவர் பம்பரத்தின் காதோரத்தைத் தொட்டார். "இன்னொண்ணு இருக்கு. இது காய்ச்சலும் இல்ல, பட்டினியும் இல்ல. இது இழுத்து இழுத்து வந்தது. இறுக்கிக் கொண்டை போடுறவங்களுக்கே இந்த இடத்துல முடி போகும். நீ உன் உடம்பையே தொங்கவிடுறே. இப்ப விட்டா இதுவும் வரும். விடாம இழுத்தா வேர் செத்துப்போகும். அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"இப்ப விடணும்னா..." என்றான் அண்ணன்.

"முடி திரும்ப அடர்த்தியாகற வரைக்கும் தொங்கக் கூடாது. நாளைக்குத் தொங்கவே கூடாது. இந்த முடியை நம்பி நான் ஒரு பையைக்கூட மாட்ட மாட்டேன்."

அண்ணன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பலம் என்று நினைத்து அவன் பெருமைப்பட்டதெல்லாம் தங்கையின் பட்டினி.

மொட்டை மாமாதான் தொண்டையைக் கனைத்தார். "டாக்டரம்மா, அப்படியே எனக்கும் ஒரு வழி..."

"உங்க அப்பாவுக்கு?"

"வழுக்கை."

"அம்மாவோட அண்ணன் தம்பிங்க?"

"மூணு பேரு. மூணும் முழுநிலா."

"உங்களுது பரம்பரை. ஆரம்பத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்துக் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். இப்ப தொப்பி போட்டுக்குங்க, வெயில் படும்."

"அப்பன் வச்சிட்டுப் போன ஒரே சொத்து இதுதான், பத்திரமா வச்சுக்கறேன்" என்று மாமா தலையைத் தடவிக்கொண்டார். பம்பரம் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

கூடாரத்துக்குத் திரும்பி முதலாளியிடம் சொன்னபோது அவர் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். கெட்ட மனிதரில்லை. பம்பரத்தைத் திட்டவில்லை. "நல்லவேளை, முன்கூட்டியே தெரிஞ்சுது" என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் பிறகு, "ஊரெல்லாம் தலைமுடியை ஒட்டி வச்சிருக்கோமே. அதைப் பார்க்கத்தானே வர்றாங்க. என்னத்தைக் காட்டுவேன்?" என்றார்.

பம்பரம் எதையும் கேட்கவில்லை. அவள் கேட்காத கேள்வி அண்ணிக்குக் கேட்டது. முடி இல்லையென்றால் நான் இங்கே யார்?

மொட்டை மாமா பஞ்சுவைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"முடியில ஒருத்தர் தொங்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"நான் என் முடியில தொங்குறேன்."

முதலாளி அவர் தலையைப் பார்த்தார். அது விளக்கொளியில் மின்னியது.

"கிண்டலுக்கு இது நேரமா மாமா?"

"இதுதாங்க நேரம். இடுப்புல வார், சட்டைக்குள்ள மறைச்சுக் கட்டினா தெரியாது. வார்ல மாட்டுற கயித்தைப் பம்பரத்தோட அண்ணன் இழுக்கட்டும். விக்குல வளையத்தைத் தெச்சு அதுக்குத் தனிக் கயிறு. அதை மருமக இழுக்கட்டும். முடியில இழுக்கிற வித்தை அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்?"

முதலாளியின் உதட்டோரம் துடித்தது. ஆனால் அண்ணி மாமாவின் கால்களைத்தான் பார்த்தாள். மாமாவுக்கு உயரம் என்றால் கிலி என்பது கூடாரத்தில் எல்லாருக்கும் தெரியும். விளக்கு மாற்ற ஏணியில் ஏறச் சொன்னால் மூன்றாம் படியில் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர்.

"மாமா, உங்களுக்கு உயரம்..." என்றாள் மெதுவாக.

"கீழ பார்த்தாத்தானேம்மா பயம். நான் மேல பார்த்துக்கறேன்."

மறுநாள் பொழுதெல்லாம் அண்ணி ஊசியும் நூலுமாக இருந்தாள். விக்கின் அடியில் துணியை மடித்து மடித்துத் தைத்து, பம்பரத்தின் எஃகு வளையத்தையே அதில் பொருத்தினாள். அண்ணன் வாரையும் கயிற்றையும் மணல் மூட்டை கட்டி இழுத்துப் பார்த்தான். திருப்தி வராமல் இரண்டு மூட்டை கட்டி இழுத்தான். பம்பரம் தன் கயிற்றை எப்போது சுண்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழகினாள். நடுவில் சமையல்காரர் ஒரு பெரிய தட்டோடு வந்து, அவள் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீ முடிக்கிற வரைக்கும் அடுப்படிப் பக்கம் போக மாட்டேன். மத்தவங்க பட்டினி கிடந்தா உன் பொறுப்பு" என்றார். அவள் சாப்பிட்டாள். பஞ்சு நம்பிக்கையோடு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

சாயங்காலம் கூடாரம் நிரம்பி வழிந்தது. ஊஞ்சல் முடிந்தது, குதிரைகள் முடிந்தன. முதலாளி நடுவில் வந்து ஒளிக்காமல் சொன்னார்: "படத்துல பார்த்த பெண்ணுக்கு உடம்பு தேற வேண்டியிருக்கு. முடி வளர்ந்ததும் அவ வருவா. இன்னைக்கு அவளுக்காக இன்னொருத்தர் தன் தலைமுடியைப் பணயம் வைக்கிறார்." கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

முரசு அதிர, மொட்டை மாமா ஆரஞ்சுப் பறட்டையோடு வந்தார். சீப்பை எடுத்து வாரினார். சீப்பு மாட்டிக்கொண்டது. சிரிப்பு லேசாகக் கிளம்பியது. கொக்கி இறங்கியது. திரைமறைவில் நின்ற அண்ணி கைகளைக் கோத்துக்கொண்டாள். இதுவரை ஒருத்திக்காக ஜெபித்த வாய் அன்று கனத்த ஒரு கோமாளிக்காக ஜெபித்தது.

அண்ணன் இழுத்தான். மாமாவின் கால்கள் தரையை விட்டன. உண்மையான பயத்தில் அவர் கால்கள் காற்றில் சைக்கிள் மிதித்தன. கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்து ஆரவாரித்தது. மேலே, இன்னும் மேலே. நீல விளக்கு அவர் மேல் விழுந்தது. கைகளை விரித்தார். படத்தில் உள்ளவளைப் போலவே கால்களைச் சேர்த்தார். கூடாரம் மூச்சை அடக்கியது.

பம்பரம் கயிற்றைச் சுண்டினாள்.

ஆரஞ்சு விக் மட்டும் பறவைபோல விருட்டென்று மேலே போனது. மாமா அந்தரத்தில் நின்றார். அவர் மொட்டைத் தலையில் நீல ஒளி பட்டு நாலாபக்கமும் தெறித்தது. ஒரு நொடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு எழுந்த சிரிப்பில் கம்பமே அதிர்ந்தது. முன் வரிசையில் டாக்டரம்மா தன் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். மாமா மேலே பார்த்து, "தங்கமே, என்னை விட்டுட்டுப் போறியே" என்று விக்கைக் கூப்பிட, பம்பரம் அதைக் கொஞ்சம் இறக்கி, அவர் கைக்கு எட்டாமல் மீண்டும் ஏற்றினாள். யாரும் சொல்லிக்கொடுக்காதது அது. கூட்டம் இன்னும் கேட்டது. அவள் இன்னும் செய்தாள். அவள் கன்னங்கள் சிவந்திருந்தன.

கீழே இறங்கியதும் மாமா தரையைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு பம்பரத்தின் கையைப் பிடித்து நடு வட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கைதட்டல் அவள் மேல் மழையாகப் பெய்தது. தலையில் ஒரு சாதாரணத் துணி கட்டிக்கொண்டு அவள் வணங்கினாள்.

அந்த ஆட்டம் அதன் பிறகு எல்லா ஊர்களிலும் நடந்தது. அண்ணி தலை வாரும்போது சீப்பில் வருவதை ஒளிக்காமல் பம்பரத்திடமே காட்டினாள். பவுடர் டப்பாவில் இப்போது பவுடர்தான் இருந்தது. சில மாதங்கள் போனபின் ஒரு காலை வகிட்டோரம் முழுக்கக் குட்டி குட்டியாக முடிகள் எழுந்து நின்றன. தண்ணீர் தொட்டு அமுக்கினாலும் படியவில்லை. காதோரத்திலும் பூனைமுடிபோல மெலிதாக வந்திருந்தது. "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று அண்ணி கத்தியதில் குதிரைக்காரர்கூட ஓடிவந்தார். மாமா தன் தொப்பியைக் கழற்றி அந்த முடிகளுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

அன்றைய பயிற்சியில் பம்பரம் இடுப்பு வாரோடு மேலே போகக் கேட்டாள். முடியில் தொங்க இன்னும் காலம் இருந்தது; தொங்கினாலும் இனி தினமும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதை முதலாளி ஏற்றுக்கொண்டிருந்தார். சும்மா உயரத்தைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். அண்ணன் பழைய நினைப்பில் ஒரு கையால் கயிற்றை இழுத்தான். வரவில்லை. இரண்டு கையால் பிடித்தான். காலை ஊன்றினான்.

"என்ன பம்பரம், கல்லையா தின்னே? கை கழண்டு போகுது" என்று மூச்சு வாங்கினான்.

"நீங்கதான் இளைச்சுட்டீங்க அண்ணா" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அண்ணி கொக்கியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, கணவன் திணறுவதைக் கண் குளிரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.